ரூட் 66: பழைய சாலையைக் காப்பாற்றும் செலவு யார் தலையில் விழுகிறது?

1985 ஜூனில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து 66 என்ற எண்ணை நீக்கினார்கள். போனது எண் மட்டும்தான். சிகாகோவில் தொடங்கி எட்டு மாநிலங்களைத் தாண்டி கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா வரை ஓடிய ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர் சாலையில் பெரும்பகுதி அப்படியே கிடந்தது. அதன்பிறகு அது ஒரே சாலையாக இல்லை. ஒரு துண்டு மாநிலச் சாலை, அடுத்தது கவுன்டிச் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) சாலை, அதற்கடுத்தது நகரத்துக் கடைத்தெரு. சில துண்டுகள் பழங்குடி மக்களின் நிலத்துக்குள் போகின்றன. சில துண்டுகள் தனியார் மேய்ச்சல் நிலத்தில் வேலிக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடக்கின்றன.

ரூட் 66-ஐப் பாதுகாக்க வேண்டும் என்று எந்த ஊரில் பேச்செடுத்தாலும், இந்தத் துண்டு யாருடையது, இதன் பாலத்துக்கு யார் பொறுப்பு என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். வருமானம் மோட்டல் என்ற சாலையோர விடுதிக்கும் உணவகத்துக்கும் வருகிறது. பராமரிப்புச் செலவோ, பல இடங்களில், கஜானாவில் பணமே இல்லாத ஒரு கவுன்டியின் தலையில் விழுகிறது. பாதுகாப்பு இயக்கம் இந்த இடைவெளியைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை என்பது என் உறுதியான கருத்து.

அரிசோனாவின் செலிக்மன் நல்ல பக்கத்துக்கு உதாரணம். 1978 செப்டம்பர் 22 அன்று இன்டர்ஸ்டேட் 40 என்ற புதிய அதிவேக நெடுஞ்சாலை திறந்தது. ஊரின் நடுவே போய்க்கொண்டிருந்த வண்டிகள் அன்றோடு விலகிப் போயின. அந்த ஊர் முடிதிருத்துநர் ஏஞ்சல் டெல்கடீயோவும் மற்றவர்களும் 1987 பிப்ரவரியில் ஒரு சங்கம் தொடங்கி, அந்த ஆண்டு முடிவதற்குள் செலிக்மனிலிருந்து கிங்மன் வரையான பகுதியை ‘வரலாற்றுச் சிறப்புமிக்க ரூட் 66’ என்று மாநில அரசை அறிவிக்க வைத்தார்கள். அவர்களுடைய உழைப்போடு நில அமைப்பும் கைகொடுத்தது. அங்கே புதிய சாலை நேராகப் போய்விட, பழைய சாலை வடக்கே வளைந்து, வலாபாய் பழங்குடியினரின் பீச் ஸ்பிரிங்ஸ் வழியாகச் சுமார் 140 கிலோமீட்டர் தனியாக ஓடுகிறது. அது மாநிலத்தின் பொறுப்பிலும் இருந்தது. தொடர்ச்சியான நீளம், பொறுப்பேற்க ஒரு மாநில அரசு இரண்டும் சேர்ந்து அமைந்த ஊர்கள் மிகக் குறைவு. செலிக்மனைப் பார்த்து நாமும் அப்படியே செய்வோம் என்று கிளம்புகிற ஊர்கள், இந்த இரண்டும் தங்களிடம் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூட்டரசு அளவில் 1999-ல் ரூட் 66 பாதுகாப்புச் சட்டம் வந்தது. தேசியப் பூங்காச் சேவை அதன்படி 2001 முதல் மானியம் கொடுத்தது. அது பங்குச்செலவு மானியம். அதாவது அரசு தரும் ஒவ்வொரு டாலருக்கும் உரிமையாளர் ஒரு டாலரைப் பணமாகவோ உழைப்பாகவோ பொருளாகவோ போட வேண்டியிருந்தது. அதைவிடச் சிக்கல், செலவை முதலில் செய்துவிட்டு ரசீதைக் காட்டித் திரும்பப் பெற வேண்டியிருந்தது என்பது. கூரை ஒழுகும் பன்னிரண்டு அறை மோட்டலை வைத்திருப்பவருக்கு 20,000 டாலர் மானியம் ஒதுக்கினாலும், அந்த 20,000-ஐயும் தன் பங்கு 20,000-ஐயும் முதலில் அவரே புரட்ட வேண்டியிருந்தது. உள்ளூர் வங்கியோ சங்கமோ குறுகிய காலக் கடன் கொடுத்த இடங்களில் வேலை நடந்தது. மற்ற இடங்களில் மானியக் கடிதம் கண்ணாடி போட்டு மாட்டிய படமாகச் சுவரில் தொங்கியது. சட்டத்தின் காலம் ஒருமுறை நீட்டிக்கப்பட்டு 2019-ல் முடிந்தது.

தேசிய வரலாற்று இடப் பதிவேட்டைப் பற்றியும் தவறான எண்ணம் இருக்கிறது. பதிவேட்டில் ஏறிவிட்டால் கட்டடத்தை யாரும் தொட முடியாது என்று சிலர் பயப்படுகிறார்கள், சிலர் நம்புகிறார்கள். உண்மையில், கூட்டரசின் பணமோ அனுமதியோ கலக்காதவரை, தனியார் உரிமையாளர் தன் சொந்தக் காசில் பதிவேட்டிலுள்ள கட்டடத்தை இடிக்கவும் முடியும். தடுக்கும் அதிகாரம் நகராட்சியின் உள்ளூர் விதிகளில்தான் இருக்கிறது. டெக்சஸ்–நியூ மெக்சிகோ எல்லையில் உள்ள கிளென்ரியோ பதிவேட்டில் இடம்பெற்ற ஊர். அங்கேயோ கூரை சரிந்த மோட்டலும் மூடிய பெட்ரோல் பங்கும் கைவிடப்பட்டுக் கிடக்கின்றன.

ஆனாலும் பதிவேடு வேண்டும், வரிச் சலுகைக்கு அதுதான் வாசல். வருமானம் தரும் பதிவுபெற்ற கட்டடத்தை விதிப்படி புதுப்பித்தால், தகுதியான செலவில் 20 சதவீதத்தைக் கூட்டரசு வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மோட்டலை 3,00,000 டாலருக்கு வாங்கினீர்கள், அதில் நிலத்தின் மதிப்பு 1,00,000 என்று வைத்துக்கொள்வோம். நிலத்தைக் கழித்தால் கட்டடத்தின் அடிப்படை மதிப்பு 2,00,000. 24 மாதங்களுக்குள் அதைவிடக் கூடுதலாகச் செலவு செய்தால்தான் தகுதி. 2,50,000 செலவழித்தால் சலுகை 50,000. அதுவும் ஆண்டுக்கு 10,000 வீதம் ஐந்து ஆண்டுகளில். ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டடத்தை விற்றால் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும். பல பத்தாண்டுகளாக நடத்திவரும் குடும்பத்துக்குத் தேய்மானம் கழிந்து அடிப்படை மதிப்பு குறைந்திருக்கும், ஆகவே அந்தச் செலவு வரம்பைத் தாண்டுவது எளிது. ஆனால் அவர்கள் கட்டும் வரியே சிறிது என்பதால் சலுகையைப் பயன்படுத்த வழியிருக்காது. மிசூரி, ஓக்லஹோமா மாநிலங்களின் தனிச் சலுகையைப் பிறருக்கு விற்றுக் காசாக்கலாம். சிறிய உரிமையாளருக்கு உண்மையில் உதவுவது இந்த மாநிலச் சலுகைதான்.

வரிச் சலுகைக்கான விண்ணப்பம் மூன்று பகுதி: கட்டடத்தின் தகுதி, செய்யப்போகும் வேலை, முடித்த வேலை. பல தோல்விகள் இரண்டாம் பகுதிக்கு ஒப்புதல் வருமுன்பே வேலையைத் தொடங்குவதால் வருகின்றன. பழைய இரும்புச் சட்ட ஜன்னல்களைப் பிடுங்கி பிளாஸ்டிக் ஜன்னல் வைத்துவிட்டால், பிறகு எதுவும் செய்ய முடியாது. செங்கல் சுவரை மணல் வீசிச் சுத்தம் செய்தாலும் அப்படித்தான். சூளையில் வெந்த மேல்தோல் போய்விடும், உள்ளே தண்ணீர் இறங்கும், குளிர்காலத்தில் அது உறைந்து விரிந்து செங்கல் உதிரும். பழைய மென்மையான செங்கலின் இடுக்குகளில் கெட்டியான சிமென்ட் கலவையைப் பூசுவதும் இதே கதையில் முடியும், ஈரம் கலவை வழியாக வெளியேற முடியாமல் செங்கலைத் தின்னும். சுண்ணாம்பு கலந்த மென்மையான கலவைதான் சரி. எல்லாவற்றுக்கும் முன்பாக, ஒவ்வொரு பக்கத்தையும் ஒவ்வொரு ஜன்னலையும் படமெடுத்து வையுங்கள். பழைய நிலையைக் காட்டும் படம் இல்லாத விண்ணப்பம் நகராது.

இந்தச் சாலையின் உயிர் நியான் பலகைகளில் இருக்கிறது. நியூ மெக்சிகோவின் டுக்கும்காரியில் 1939-ல் கட்டிய புளூ ஸ்வாலோ மோட்டலின் பலகை இரவில் எரியும்போது, ஓட்டிக்கொண்டே போய்விட நினைத்தவர்களும் அங்கே தங்குகிறார்கள். ஆகவே பலகையைப் பழுதுபார்ப்பதை அலங்காரச் செலவாக எண்ணக் கூடாது. சிவப்பு ஆரஞ்சு ஒளி நியான் வாயுவுடையது. நீலம் பெரும்பாலும் ஆர்கானில் ஒரு சொட்டுப் பாதரசம் சேர்த்தது. டிரான்ஸ்ஃபார்மர் 15,000 வோல்ட் வரை கொடுக்கும். முதலில் கெடுவது அனேகமாகக் கண்ணாடிக் குழாய் அல்ல. தகரப் பெட்டிக்குள் மழைநீர் இறங்கும், உயர் மின்னழுத்த வயரின் பழைய உறை வெடிக்கும், பறவை கூடு கட்டும், மின்சாரம் உலோகத்துக்குத் தாவும். ஆகவே பெட்டியின் மேல்மூடியையும் நீர் வடியும் துளைகளையும் சரிசெய்யாமல் குழாயை மட்டும் மாற்றினால் பணம் வீண். உடைந்த குழாய்க்குப் பதிலாகப் புதியதை முழு அளவுக் காகித வரைபடத்தின்மேல் வைத்துத்தான் வளைக்க வேண்டும். பிறகு உயர் மின்னோட்டத்தால் சூடாக்கி அசுத்தங்களை வெளியேற்றி, காற்றை உறிஞ்சி, வாயுவை நிரப்புவார்கள். இந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

நகராட்சி விதிகளிலும் ஒரு பொறி உண்டு. நடைபாதைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், மினுக்கும் பலகைகளை இன்றைய விதிகள் பல ஊர்களில் அனுமதிப்பதில்லை. பழையவை முன்பே இருந்தவை என்ற சலுகையில்தான் நிற்கின்றன. பழுதுபார்க்கக் கீழே இறக்கினால் அந்தச் சலுகை போய்விடலாம், திரும்ப ஏற்ற அனுமதி கிடைக்காது. கிரேனுக்குச் சொல்வதற்கு முன்பே, பலகை அதே இடத்துக்குத் திரும்பும் என்று நகராட்சியிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இனி சாலையும் பாலமும். ஓக்லஹோமாவில் மயாமிக்கும் ஆஃப்டனுக்கும் இடையே 1922-ல் முடிந்த ஒரு துண்டின் அகலம் 9 அடிதான். பயணிகளுக்கு அது பொக்கிஷம். அதன் ஓரத்து விவசாயிக்கு டிராக்டரும் லாரியும் போக வேண்டிய தினசரிப் பாதை. மேலே புதுத் தார் போட்டால் பழமை மறையும், போடாவிட்டால் குழி பெருகும். மிசூரியில் கேஸ்கனேட் ஆற்றுப் பழைய பாலம் துருவேறி 2014 டிசம்பரில் மூடப்பட்டது. கூட்டரசுப் பணத்தில் வரலாற்றுப் பாலத்தை மாற்ற வேண்டுமென்றால், வேறு நடைமுறைச் சாத்தியமான வழியில்லை என்று நிரூபிக்கச் சட்டம் கேட்கிறது. அது சரியான விதி. ஆனால் அதை நிரூபிக்க ஆகும் காலமெல்லாம் சுற்றுவழியில் போவது உள்ளூர்க்காரர்தான். கடைசியில் புதிய பாலத்தைப் பழையதன் பக்கத்திலேயே கட்டினார்கள். கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் நிலைமை இன்னும் கடினம். திடீர் வெள்ளம் வரும் ஓடைகள்மேல் நூற்றுக்கும் மேற்பட்ட பழைய மரப்பாலங்கள், பொறுப்பு கவுன்டியுடையது. வெள்ளம் சிலவற்றை அரித்ததும் சாலை துண்டுதுண்டாக மூடப்பட்டது. அந்தப் பாலைவனத்து அம்பாய் ஊரில் ராய்ஸ் மோட்டலின் நியான் பலகை 2019-ல் மீண்டும் ஒளிர்ந்தபோதும், அங்கே வர விரும்பிய பலர் இன்டர்ஸ்டேட் வழியாகச் சுற்றி வர வேண்டியிருந்தது. பாலம் மூடியிருந்தால் பலகை எரிந்து பயன் குறைவுதான்.

பணம் எங்கே போகிறது என்பதை ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டது. சாலையோர ஊர்களில் ஆண்டுக்கு 132 மில்லியன் டாலர் செலவாகிறது என்றது அந்த ஆய்வு. அதில் சுற்றுலாவின் பங்கு 38 மில்லியன், அருங்காட்சியகங்கள் 27 மில்லியன், கட்டடப் புதுப்பிப்பும் கடைத்தெரு மீட்பும் 67 மில்லியன். பலர் கவனிக்காத எண் இந்தக் கடைசி எண். தச்சருக்கும் கொத்தனாருக்கும் மின்பணியாளருக்கும் போகும் பணம் சுற்றுலாப் பணத்தைவிட அதிகம், அது குளிர்காலத்திலும் ஊரில் சுழலும். பயணிகள் கூட்டமோ வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தோடு முடிந்துவிடும்.

யாருடைய வரலாறு காக்கப்படுகிறது என்பதும் முக்கியம். இன்டர்ஸ்டேட் வந்து வியாபாரம் படுத்த காலத்திலிருந்து பல மோட்டல்களை வாங்கி நடத்தியவர்கள் குஜராத்தி குடும்பங்கள். ‘அமெரிக்கர் நடத்துவது’ என்று எதிர்க் கடைகள் பலகை வைத்ததையும் தாங்கிக்கொண்டு, அவர்கள் விளக்கை அணையவிடாமல் வைத்திருந்ததால்தான் பாதுகாக்க ஏதோ மிஞ்சியிருக்கிறது. ஓக்லஹோமாவின் லூதரில் கறுப்பினக் குடும்பம் நடத்திய த்ரெட் பெட்ரோல் நிலையம், பல இடங்களில் வண்டி நிறுத்தவே முடியாத கறுப்பினப் பயணிகளுக்கு நம்பி நிறுத்தக் கிடைத்த இடம். 1950 மாதிரி கார்களையும் மில்க் ஷேக்கையும் மட்டும் காட்டும் ஊர், இந்த வரலாற்றையும் அதைத் தேடி வரும் மக்களையும் இழக்கிறது.

சாலையைத் தேசிய வரலாற்றுப் பாதையாக அறிவிக்கும் மசோதா 2018-ல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் நின்றுபோனது. 2026-ல் சாலைக்கு நூறு வயது, எல்லா ஊரும் சுவரோவியத்துக்கும் விழாவுக்கும் நிதி திரட்டுகின்றன. திரட்டிய தொகையில் ஒரு பங்கை மானியம் வாங்குகிறவர்களுக்கான முன்பணக் கடன் நிதியாக ஒதுக்குங்கள். கவுன்டிப் பொறியாளரிடம் உங்கள் துண்டின் பாலங்களுக்கான கடைசி ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்கி, எடை வரம்பு எப்போது குறைக்கப்பட்டது என்று பாருங்கள். வரம்பு குறையத் தொடங்கிய பாலம் மூடப்படுவதற்கு முன்பே நிதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அழுத்தம் கொடுங்கள்.