புகாரை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்

பத்தாம் வகுப்புத் தமிழில் ஒரு முறையீட்டுக் கடிதம் உண்டு. உணவு விடுதியில் தரமில்லாத சாப்பாடு, விலையும் கூடுதல். உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு எழுத வேண்டும். ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டே அறியாத பிள்ளைகள்கூட அதை ஒப்பித்து, ஐந்து மதிப்பெண்ணில் நாலை வாங்கிவிடுவார்கள்.

சரி, பிடித்ததை எழுதச் சொல்லிவிடலாமா? ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் மாணவர் விருப்பம் பற்றி நிறையப் பேசுகிறார்கள். வகுப்பில் வந்து கேட்டால், "நீங்களே சொல்லுங்கம்மா" என்பதுதான் பதில். ஒன்றாம் வகுப்பிலிருந்து நாம் சொன்னதையே எழுதி வந்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்? அதனால் வடிவத்தில் நான் கை வைக்கவில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், உறைமேல் முகவரி எல்லாம் அப்படியே இருக்கும். புகார் மட்டும் அவர்களுடையது.

ஒரு மாணவி பேருந்தைப் பற்றி எழுதினாள். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 'பேருந்து முறையாக நிற்பதில்லை, ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்திருந்தாள். வாசித்ததும் முன்வரிசைப் பையன், "நிக்குதே! தள்ளிப்போயில்ல நிக்குது" என்றான். அவ்வளவுதான், வகுப்பே பேசத் தொடங்கிவிட்டது. எந்த நேரம், எந்த வண்டி, நிறுத்தத்தில் ஆண்கள் இருந்தால் எங்கே நிற்கும் என்று ஆளாளுக்குச் சாட்சி சொன்னார்கள். அவள் திருத்தி எழுதினாள்: 'மாலை 4.40 வண்டி, நிறுத்தத்தைத் தாண்டி வளைவில் போய் நிற்கிறது. புத்தகப் பையோடு நாங்கள் ஓடிப் போவதற்குள் கிளம்பிவிடுகிறது. காசு கொடுக்காதவர்கள் கேட்கக் கூடாதா?'

கடைசி வரியைக் கொஞ்சம் பணிவாக மாற்றலாமே என்றேன். "அதுக்குத்தாம்மா இந்தக் கடிதமே" என்றாள். வரி அப்படியே இருந்தது. ஒற்றுப்பிழைகளை மட்டும் சேர்ந்து உட்கார்ந்து திருத்தினோம்.

அப்புறம் அவள் கேட்டது, "கிளை மேலாளருக்குன்னு போட்டா போதுமா, எந்த டெப்போன்னும் எழுதணுமா?" உறைமேல் முகவரியை எத்தனையோ ஆண்டுகளாக நடத்துகிறேன், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

எல்லாரும் இப்படி எழுதிவிடவில்லை. சிலர் உணவு விடுதியையே எழுதினார்கள், விட்டுவிட்டேன். விருப்பம் என்று சொல்லிவிட்டு அதைத் தடுப்பதும் நியாயமில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: இதை அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே செய்துவிட வேண்டும். திருப்புதல் தேர்வுகள் தொடங்கிவிட்டால் மாதிரி வினாத்தாளைத் தவிர வேறெதற்கும் நேரம் கிடைக்காது.