வருசத்துக்கு எவ்வளவு?

1991 ஜூலை. கோவில்பட்டியில் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். நாட்டின் கையில் இருந்த டாலர் சில வார இறக்குமதிக்குக்கூடத் தாங்காது என்று, ரிசர்வ் வங்கி அடகு வைக்க சுமார் 47 டன் தங்கத்தை லண்டனுக்கு அனுப்பிய சமயம். எக்கனாமிக்ஸ் சார் பேப்பரை வாசித்துக் காட்டிவிட்டு, "யார் வீட்லல்லாம் அடகுச் சீட்டு இருக்கு?" என்றார். ஒரு கையும் எழவில்லை. பாதிப் பேர் வீடு தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் ஓடியது. சீட்டு இல்லாமலா இருக்கும்?

"நாடே அடகுக் கடையில நிக்கி, உங்களுக்கு என்னலே வெக்கம்? பேரை மடிச்சு மறைச்சுக் கொண்டாங்க."

மறுநாள் ஏழெட்டுச் சீட்டுகள் வந்தன. ஒன்று எங்கம்மாவின் கம்மல். 1,000 ரூபாய், ரெண்டு வட்டி. சார் அதை போர்டில் எழுதி, "வருசத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டார். நூற்றுக்கு மாசம் ரெண்டு ரூபாய் என்றால் 240 ரூபாய். 24 சதவீதம். அதுவரை 'ரெண்டு' என்றால் வெறும் ரெண்டுதான் என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் மேதாவி மாதிரி சொன்னேன், பேங்கில் வைத்தால் குறையுமே என்று. "பேங்குக்கு ரெண்டு நாள் அலையணும். அந்தக் கூலியை உங்க சாரா தருவாரு?"

அதை அப்படியே சாரிடம் ஒப்பித்தேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். சாக்பீஸை எடுத்து, வட்டிக் கணக்குக்குக் கீழே 'இரண்டு நாள் கூலி' என்று எழுதினார். "ஒண்ணைச் செய்யப் போயி இன்னொண்ணை இழக்கோம்லா, இதைத்தாம்லே புக்குல வாய்ப்புச் செலவுன்னு போட்டிருக்கான்."

மற்ற பாடமெல்லாம் போன இடம் தெரியவில்லை. சமநோக்கு வளைகோடு எந்தப் பக்கம் வளையும் என்று கேட்டால் முழிப்பேன்.

போன வருசம் மகனுக்கு பைக். "வெறும் பத்து பர்சென்ட்தான் சார்" என்றான் ஷோரூம் பையன். கடன் 72,000, மாதம் 2,600 வீதம் 36 தவணை. அசல் மாசாமாசம் குறைகிறது. வட்டியோ கடைசி வரை முழு 72,000-க்கும் போடுகிறார்கள். ஒழுங்காகக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 18 சதவீதம் வருகிறது. கொட்டேஷனை போட்டோ எடுத்து எங்கள் ப்ளஸ் டூ வாட்ஸப் குரூப்பில் போட்டேன். லாரி ஆபீஸ் வைத்திருக்கும் நண்பனிடமிருந்து ஒரு நிமிஷத்தில் பதில்: "வருசத்துக்கு?"

சரி, பேங்கிலேயே வாங்கிவிடலாம் என்று வீட்டில் உட்கார்ந்து இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். பேங்க் கணக்கின் அடியில் 'இரண்டு நாள் சம்பளம்' என்று சேர்த்தேன்.

"இது எதுக்குப்பா?" என்றான் மகன்.