சித்தப்பாவின் லைசென்ஸ்

தண்டையார்பேட்டை சித்தப்பா விடிவதற்குள் வண்டியெடுத்து காசிமேடு போய் மீன் வாங்கி வருபவர். போன வாரம் டி.எச். ரோட்டில் போலீஸ் நிறுத்திக் கேட்டபோதுதான் தெரிந்தது, லைசென்ஸ் காலாவதியாகி 10 மாதம் ஆகியிருக்கிறது.

அவருக்கு 50 வயது முடிந்த நாளோடு அது முடிந்துவிட்டது. பழைய சட்டப்படி 20 வருடம் அல்லது 50 வயது, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும். அப்போது எடுத்தவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. முடிந்த பிறகும் 30 நாள் ஓட்டலாம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சலுகையை 2019 சட்டத் திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள்.

அவரைவிட எனக்குத்தான் பயமாக இருந்தது. முடிந்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் புதுப்பித்தால் போதும். தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். இரண்டு மாதம்தான் பாக்கி. அன்று ராத்திரியே உட்கார்ந்து, பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பித்தோம். 40 வயது தாண்டினால் டாக்டரின் சான்று வேண்டும், படிவம் 1ஏ. தெரு முனை டாக்டர் கண்ணை நிதானமாகப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

இனி 60 வயது வரை செல்லும். கார்டு கைக்கு வரும்வரை வண்டிச் சாவி என்னிடம்தான். "பஸ்ல மீன் கூடையோட போனா ஏத்த மாட்டான்டா" என்கிறார். சரி சித்தப்பா, காலையில் நானே கொண்டுபோய் விடுகிறேன்.

உங்கள் வீட்டில் 50ஐத் தொடுகிறவர் இருந்தால் இன்றைக்கே அந்தக் கார்டை வாங்கித் தேதியைப் பாருங்கள். ஒரு வருடம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம்.