சொந்த வயலும் குத்தகை வயலும்: நெல் கணக்கு

சொந்த நிலத்தில் நெல் பயிரிடுபவரின் கணக்கில் நிலத்துக்கான வாடகை எழுதப்படுவதே இல்லை. ஆகவே அவர் லாபம் என்று சொல்லும் தொகையில் ஒரு பகுதி, அந்த நிலத்தைப் பிறருக்கு விட்டிருந்தாலே கிடைத்திருக்கக்கூடிய குத்தகைதான் என்பது என் கருத்து. வீட்டாரின் உழைப்புக்கும் கூலி எழுதினால், மிஞ்சுவது இன்னும் சுருங்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு: விளைச்சல் 100 மூட்டை, சாகுபடிச் செலவு 60 மூட்டைக்கு ஈடு, குத்தகை 25 மூட்டை. உரிமையாளருக்கு 40 மிஞ்சும், குத்தகைதாரருக்கு 15. விளைச்சல் 80 ஆகக் குறைந்து, செலவு அப்படியே நின்றால், முன்னவருக்கு 20 மிஞ்சும். பின்னவர் 5 மூட்டை கடன்படுவார்.

நிலையான குத்தகைக்குப் பதிலாக, விளைச்சலை நில உரிமையாளரும் பயிரிடுபவரும் பங்கிட்டுக்கொள்ளும் வாரமுறையில் இந்த நட்டம் இருவருக்கும் பிரிகிறது. ஆனால் கூடுதல் உழைப்பின் பலனில் பாதி பிறருக்குப் போகும்போது உழைக்கும் ஊக்கம் குறையும் என்று பொருளியலாளர் ஆல்பிரட் மார்ஷல் 1890-இலேயே வாதிட்டார். இடர்ப்பகிர்வு ஊக்கக்குறைவுக்கு ஈடாகலாம் என்பதை மற்றொரு பொருளியலாளரான ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் 1974-இல் விளக்கினார். கடன்பட்டு நாற்று நட்டவருக்கு இரண்டாவது வாதமே எளிதில் புரியும்.

எனக்கு முக்கியமாகப் படுவது குத்தகைக் காலம். தொழுவுரம், பசுந்தாள் உரம், வயலைச் சமன்படுத்துதல் ஆகியவற்றின் பலன் பல போகங்களுக்கு நீடிப்பதால், அடுத்த ஆண்டு அந்த வயல் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவர் உடனே பலன் தரும் யூரியாவோடு நிறுத்திக்கொள்வதில் வியப்பில்லை. அடமானம் வைக்க நிலமில்லாத அவருக்குக் கடனும் அதிக வட்டியிலேயே கிடைக்கிறது.