கட்டத்தை விட்டு வெளியே வந்த மீன்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். மாமல்லபுரம் போகும்போதெல்லாம் ஈஞ்சம்பாக்கத்தில் 'சோழமண்டலம் ஓவியர் கிராமம்' என்ற பலகை ஜன்னலில் வந்து போகும். அடுத்த தடவை இறங்கிப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். அந்த அடுத்த தடவை வர பதினைந்து வருடம் ஆகிவிட்டது. அதுவும் அம்மாவின் கண்ணால்தான் வந்தது.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. லால்குடிக்குத் திரும்புவதற்குள் எதையாவது பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "கலர் எல்லாம் இப்பத்தான் கலரா தெரியுது. எங்கயாவது கூட்டிட்டுப் போடி." கோயில், கடற்கரை, ஜவுளிக்கடை எல்லாம் முடிந்தாயிற்று. ஓவியம் பார்க்கப் போகலாமா என்றேன். சரி என்றார்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் திருவான்மியூரில் பேருந்து ஏறினோம். சோழமண்டலம் என்றதும் கண்டக்டர் வேறு எதுவும் கேட்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். இறங்கி வாசலுக்குள் நுழைந்தால் சாலையின் இரைச்சல் சட்டென்று குறைகிறது. மர நிழலில் கல் சிற்பங்களும் உலோகச் சிற்பங்களும் திறந்தவெளியில் நிற்கின்றன. முதல் நாள் மழையில் நனைந்து கருங்கல் இன்னும் கருத்திருந்தது. அம்மா ஒரு சிற்பத்தைத் தொட்டுப் பார்த்து, "அம்மிக்கல்லு மாதிரியே இருக்கு, ஆனா என்னவோ பண்ணியிருக்காங்க" என்றார். அந்த 'என்னவோ'வை என்னாலும் அதற்கு மேல் விளக்க முடியவில்லை.

சிறிய தொகைக்கு நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு அருங்காட்சியகத்துக்குள் போனோம். 2009ல் திறக்கப்பட்ட கட்டடம். சென்னை ஓவியப் பள்ளியைச் சுற்றி உருவாகி, மெட்ராஸ் கலை இயக்கம் என்று சொல்லப்படுகிற ஓவியர் தலைமுறையின் படைப்புகளை ஒன்றாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. நான் பார்க்க வந்தது முக்கியமாக ஒருவரை. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். இந்தக் கிராமமே அவர் கண்ட கனவுதான்.

அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைச் சேர்ந்த ஒரு ஓவியத்தின் முன்னால் அம்மா நின்றுவிட்டார். மஞ்சளும் காவியும் கலந்த, பழைய ஓலைச்சுவடி போன்ற நிறம். அதன்மேல் வரிவரியாகப் பொடி எழுத்து. நடுவில் கட்டங்கள், கோடுகள், பாம்பு போன்ற ஒரு வளைவு, ஒரு பறவை, ஒரு மீன். ஏட்டுக் கட்டு ஒன்றைப் பிரித்துச் சுவரில் விரித்து வைத்தது போலிருந்தது.

என் தாத்தா ஊரில் ஜாதகம் கணித்தவர். அம்மாவுக்கும் கட்டம் பார்க்கத் தெரியும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஓவியத்துக்கு நெருக்கமாகப் போனார். "இது ராசிக் கட்டம்டி. மேல இடது மூலை மீனம், அதுக்கு அடுத்தது மேஷம்..." விரலால் காற்றிலேயே வலமாகச் சுற்றிக்கொண்டு வந்தார். பாதியில் நின்றார். "கட்டம் சரியா வரலையே. கிரகம் இருக்க வேண்டிய இடத்துல வேற என்னவோ எழுதியிருக்கு. இது என்ன எழுத்து, மலையாளமா?"

மலையாளம் போலத்தான் இருந்தது. அங்கே இருந்த ஊழியருக்கு மலையாளம் தெரியும் என்பதால் அவரிடம் கேட்டோம். அவர் சிரித்தார். "எல்லாரும் கேக்கறாங்கம்மா. எனக்கும் படிக்க வராது. எழுத்து மாதிரிதான் இருக்கும், வார்த்தை வராது."

அம்மா விடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மீன் மட்டும் கட்டத்தை விட்டு வெளிய வந்துடுச்சு பாரு" என்றார்.

பணிக்கரைப் பற்றி நான் படித்திருந்த எதிலும் இந்த வாக்கியம் இல்லை. ஆனால் அவரைப் புரிந்துகொள்ள எனக்கு மிகவும் உதவியது இதுதான்.

பணிக்கர் 1911ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். கேரளக் குடும்பம். பதினேழு வயதிலேயே சென்னையில் நடந்த கலைக் கண்காட்சியில் அவர் படம் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் குடும்பச் சுமையால் படிப்பை விட்டுவிட்டுத் தந்தித் துறையில் வேலைக்குப் போனார். சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தது 1936ல், இருபத்தைந்து வயதில். அப்போது அங்கே முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். பணிக்கர் அவரிடம் படித்து, அங்கேயே ஆசிரியராகி, 1957ல் அவருக்கு அடுத்த முதல்வராகவும் ஆனார்.

ஆரம்ப காலத்தில் தென்னையும் வாய்க்காலும் நிறைந்த கேரள நிலக்காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டினார். பிறகு வந்தவை தோட்டங்கள் வரிசை ஓவியங்கள். தடித்த தீற்றல்களும் அடர்ந்த நிறமுமாக, வான் கோவை நேசித்த ஒருவரின் கை அவற்றில் தெரியும். 1954ல் ஐரோப்பா போனார், லண்டனில் கண்காட்சி வைத்தார், அங்கே நவீன ஓவியர்களை நேருக்கு நேர் பார்த்தார். அவரை அரித்துக்கொண்டிருந்த கேள்வி ஒன்றுதான். நம் ஊர்க் கை வரைந்தது என்று தெரிகிற நவீன ஓவியம் எப்படி இருக்கும்? தெய்வங்களையும் புராணத்தையும் வரைந்துவிட்டால் இந்தியத்தன்மை வந்துவிடாது. பாரிஸில் நடப்பதை அப்படியே கொண்டுவந்து இங்கே வைத்தாலும் வராது.

1963ல் அவருக்கு வழி கிடைத்தது ஒரு மாணவனின் கணக்கு நோட்டில். அவரே சொல்லியிருக்கிறார். எண்கள், இயற்கணிதக் குறிகள், வடிவியல் கோடுகள் எல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். கணக்கு என்ன என்பதை விட்டுவிட்டு, அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்பதை மட்டும் பார்த்திருக்கிறார். எனக்கு இது மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. நம் வீட்டில் ஜாதக நோட்டு உண்டு, பஞ்சாங்கம் உண்டு, தகட்டில் எழுதிய யந்திரம் உண்டு. அவற்றையெல்லாம் நாம் படிக்கிறோம், நம்புகிறோம் அல்லது நம்பாமல் விடுகிறோம். அவற்றின் பக்கம் அழகாக இருக்கிறது என்று யாரும் நின்று பார்த்ததில்லை. பணிக்கர் பார்த்தார். எழுத்திலிருந்து அர்த்தத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கோடு. அந்தக் கோடு தெற்கத்தியக் கைக்குப் பிறவியிலேயே பழகியது. தரையில் கோலமாகவும் ஓலையில் எழுத்தாகவும் அது எப்போதும் இருந்துகொண்டிருக்கிறது. வண்ணத்தை விடக் கோட்டையே முதுகெலும்பாக வைத்துக்கொண்ட ஒரு கலை இயக்கம் சென்னையில் உருவானதற்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

அருங்காட்சியகத்தில் மற்றவர்களையும் பார்த்துக்கொண்டே நடந்தோம். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களுக்கு முன்னால் அம்மா, "உற்சவர் மாதிரி முன்பக்கம் பார்த்து நிக்குது" என்றார். முன்புறமிருந்து பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை அவை. ஜே. சுல்தான் அலியின் படங்களிலும் எழுத்து வருகிறது. எஸ்.ஜி. வாசுதேவ், விஸ்வநாதன், அக்கித்தம் நாராயணன், ஹரிதாசன், சேனாதிபதி என்று பெயர்கள் நீள்கின்றன. விஸ்வநாதனும் அக்கித்தமும் பிறகு பாரிஸுக்குக் குடிபோனவர்கள். ஒரே ஆசிரியரின் நிழலில் வளர்ந்தும் ஒருவர் படம் இன்னொருவர் படம் போல இல்லை. அவரை நல்ல ஆசிரியர் என்று சொல்ல எனக்கு இது ஒன்றே போதும்.

நம் தமிழ் வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓவியர் ஆதிமூலமும் பணிக்கர் முதல்வராக இருந்த சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர்தான். சிறுபத்திரிகை அட்டைகளிலும் தலைப்பு எழுத்துகளிலும் அவர் கோடு வளைந்து நெளிந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தமிழ் எழுத்தையே ஒரு ஓவியமாகப் பார்க்கலாம் என்ற நினைப்பு நம் கண்ணுக்குப் பழகியதில் அந்த எழும்பூர்ப் பக்கத்துப் பள்ளிக்கும் பங்கு உண்டு.

ஓவியங்களைப் போலவே என்னை யோசிக்க வைத்த இன்னொரு விஷயம், இந்த இடம் எப்படி உண்டானது என்பது. பள்ளியின் முதல்வராக இருந்த பணிக்கருக்கு ஒரு கவலை இருந்தது. நன்றாக வரைகிற பிள்ளைகள் படிப்பை முடித்துவிட்டு வெளியே போனால் சோற்றுக்கு என்ன செய்வார்கள்? சென்னையில் அன்று ஓவியம் வாங்க ஆள் இல்லை. நெசவாளர் சேவை மையம் போன்ற இடங்களில் வடிவமைப்பு வேலை கிடைத்தால் உண்டு. கிடைக்காதவர்கள் தூரிகையை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான்.

அவர் கண்ட வழி பாத்திக். துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து சாயத்தில் முக்கினால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு விரிசல் விட்ட இடத்தில் மட்டும் நரம்பு நரம்பாகக் கோடு இறங்கும். ஓவியர்கள் கூடிக் கைவினைஞர் சங்கம் ஒன்று ஆரம்பித்து, பாத்திக் துணிகளும் மற்றக் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் 1966ல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரம் நிலம் வாங்கினார்கள். சுமார் பத்து ஏக்கர். முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்தார்கள். இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலை அப்போது கிடையாது. மணலும் சவுக்குத் தோப்பும்தான். அங்கே கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டு குடியேறினார்கள். அடுத்த வருடம் ஓய்வுபெற்ற பணிக்கரும் அங்கேயே வந்துவிட்டார். 1977ல் இறக்கும்வரை இதுதான் அவர் ஊர்.

அரசு மானியம் வரட்டும், புரவலர் யாராவது வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கையால் செய்த துணியை விற்று, அந்தக் காசில் யாருக்கும் விற்கத் தேவையில்லாத ஓவியத்தை வரைந்தார்கள். படிக்க முடியாத எழுத்தை வரைய ஒருவருக்கு வந்த தைரியத்தில், மாதச் செலவுக்கு அந்தப் படத்தை நம்பியிருக்க வேண்டாம் என்ற நிலைக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. 'சொற்களும் குறியீடுகளும்' ஓவியங்களையும் இந்தக் கிராமத்தையும் அதனால்தான் என்னால் தனித்தனியாகப் பார்க்க முடியவில்லை.

வெளியே வந்து கிராமத்துத் தெருவில் கடல் பக்கமாக நடந்தோம். தோட்டமும் மரமுமாக வீடுகள். சில வாசல்களில் முடிக்காத சிற்பங்கள் கிடந்தன, சில வீடுகள் பூட்டியிருந்தன. எங்கேயோ உளிச் சத்தம் கேட்டது, எந்த வீடு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சுற்றிலும் நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்ட இந்தச் சாலையில் இவ்வளவு நிழல் இன்னும் மிச்சமிருப்பது எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மா கடலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மணலில் நின்றுகொண்டார். "அந்தக் காலத்துல ராத்திரி இங்க எவ்வளவு இருட்டா இருந்திருக்கும்" என்றார்.

அப்புறம் மூன்று மாதம் கழித்து, பத்மநாபசுவாமியைத் தரிசிக்க அம்மாவோடு திருவனந்தபுரம் போனேன். அங்கே மியூசியம் வளாகத்தில் பணிக்கரின் படைப்புகளுக்கென்றே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. பக்கத்திலேயே ஸ்ரீசித்ரா கலைக்கூடம். அந்த வளாகத்தில் ரவி வர்மாவைப் பார்க்கக் கூட்டம் இருந்தது. பணிக்கரின் கூடத்தில் எங்களோடு சேர்த்து நான்கு பேர்தான். ஒரே ஆளின் ஆரம்ப கால ஓவியங்களையும் கடைசிக் கால ஓவியங்களையும் ஒரே நடையில் பார்க்க முடிகிற இடம் அது. சென்னையில் இருப்பவர்கள்கூட ஒரு முறை அங்கே போய்வர வேண்டும்.

இந்த முறை அம்மா எதையும் படிக்க முயலவில்லை. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எழுத்து நிறைந்த ஒரு படத்தை மட்டும் அருகில் போய்ப் பார்த்தார், தள்ளி வந்தார், மறுபடி அருகில் போனார்.

"இவர் எப்பப் பொறந்தாருன்னு சொன்ன?"

"1911ம்மா. மே மாசக் கடைசி."

கணக்குப் போட்டார். "விரோதகிருது வருஷம். வைகாசி." பிறகு ஓவியத்துக்கு ஒரு முழம் முன்னால், காற்றில், விரலால் ஒரு சதுரம் போட்டுப் பன்னிரண்டாகப் பிரித்தார். மேல் வரிசையில் மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்தார். "சூரியன் ரிஷபத்துல, இங்க."

மற்றது, என்று கேட்டேன்.

"நேரம் தெரியாம எப்படிடி போடறது" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.