இடுப்புக்கு ஒரு சொம்பு வெந்நீர்

தங்கச்சிக்குப் போன வாரம் பெண் குழந்தை! விடியக்காலை மூணு மணிக்கு மஞ்சக்குப்பத்து வீட்டில் வலி எடுத்தது. டாக்டருக்குப் போன் போட்டோம். "பனிக்குடம் இன்னும் உடையலைதானே, குழந்தை அசையுதுல்ல? வலி அடுத்தடுத்து வர ஆரம்பிச்சதும் கிளம்பி வாங்க" என்றார்.

அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்தாங்க. பாத்ரூமில் முக்காலி போட்டு அவளை உட்கார வைத்து, முதுகிலிருந்து இடுப்புக்குச் சொம்பு சொம்பாக ஊற்றினேன். வலி வரும்போது ஊற்றுவேன், விட்டதும் நிறுத்துவேன். இறுகியிருந்த தோள் மெல்ல இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். "அக்கா, நிறுத்தாத" என்றாள். அந்தக் குரல் இன்னும் காதுக்குள்ளேயே இருக்கு.

பிரான்ஸில் பித்திவியே என்ற ஊர் மருத்துவமனையில் டாக்டர் மிஷேல் ஓதான் 1970களிலேயே பிரசவ வலி தணிக்கத் தண்ணீர்த் தொட்டி வைத்தார். வலியின் முதல் கட்டத்தில் வெதுவெதுப்பான நீரில் இருக்கும் பெண்களில் எபிடியூரல் ஊசி (வலி தெரியாமல் இருக்க முதுகில் போடுவது) தேவைப்படுகிறவர்கள் சற்றுக் குறைவு என்கிறது பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பு. தொட்டி நீரின் சூடு 37.5 டிகிரியைத் தாண்டக் கூடாது. காய்ச்சலோ ரத்தப்போக்கோ இருந்தால் வெந்நீரெல்லாம் அப்புறம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

நாங்க போன இடத்தில் லேபர் வார்டு பாத்ரூமில் வெந்நீரே வரல. படுத்தே கிடக்கச் சொன்னாங்க. கடைசியில் ஒரு நர்ஸம்மா பிளாஸ்க் வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து இடுப்பில் வைத்தாங்க. தங்கச்சி அவங்க கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.