டிவிடி டிரைவ் படிக்க மறுத்தால்

வட சென்னையில் தண்டையார்பேட்டை, இராயபுரம் பக்கத்து வீடுகளில் பழைய மேசைக் கணினிகள் இன்னும் எடைக்குப் போகாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் கல்யாண டிவிடிகளே காரணம். அந்தக் கணினியின் டிரைவ் வேலை செய்யவில்லை என்று கடைக்குக் கொண்டுபோனால், "டிரைவ் போயிடுச்சு, வேற போட்டுடலாம்" என்ற பதில் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது. பழுது டிரைவிலா, கேபிளிலா, விண்டோஸிலா, வட்டிலா என்று பிரித்துப் பார்க்காமல் புதியது வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து.

கணினியை இயக்கியவுடன், விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் சென்று, அங்கே டிரைவின் பெயர் தெரிகிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. அங்கே பெயர் இல்லையென்றால் விண்டோஸில் என்ன செய்தாலும் பயனில்லை. மின் இணைப்பைத் துண்டித்துப் பெட்டியைத் திறந்து, டிரைவின் பின்புறமுள்ள, தரவைக் கடத்தும் சாட்டா கேபிளையும் மின் கேபிளையும் கழற்றி மீண்டும் அழுத்திச் செருக வேண்டும். காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று உலோக முனைகளை மெல்ல அரிப்பதால், கழற்றிச் செருகும்போது ஏற்படும் உராய்வே சில வேளைகளில் பழுதை நீக்கிவிடுகிறது. கேபிளையும், மதர்போர்டில் அது செருகியிருக்கும் போர்ட்டையும் மாற்றிப் பார்த்த பிறகே டிரைவைச் சந்தேகிக்கலாம்.

பயாஸில் தெரியும் டிரைவ் விண்டோஸில் மட்டும் காணாமற்போய், கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் 19 அல்லது 39 என்ற பிழை எண் காட்டினால், குற்றம் பெரும்பாலும் டிரைவினுடையதன்று. வட்டில் எழுதும் மென்பொருள்கள் சில, நீக்கப்பட்ட பின்னும், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்னும் பதிவுகளை விட்டுச் செல்வதுண்டு. சிடி டிரைவ்களுக்குரிய, 4டி36இ965 என்று தொடங்கும் கிளையை நகலெடுத்து வைத்துக்கொண்டு, அந்த இரண்டு பதிவுகளை மட்டும் நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி இயக்கிப் பார்க்க வேண்டும். வேறு கிளைகளில் அதே பெயரில் இருப்பவற்றைத் தொடவே கூடாது. தொட்டால் விசைப்பலகைகூட வேலை செய்யாமற்போகும்.

"சிடி போட்டா பாட்டு வருது தம்பி, டிவிடி போட்டாத்தான் சும்மா சுத்திக்கினே இருக்குது" என்று பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை சொன்னபோது, பாதிப் பரிசோதனையை அவரே முடித்துவிட்டிருந்தார். சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர். டிவிடியைப் படிப்பதோ 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். இரண்டும் தனித்தனி என்பதால் ஒன்று மங்கிய பிறகும் மற்றொன்று நன்றாக இயங்கலாம். ஆனால் டிவிடியின் பதிவுக் குழிகள் மிகச் சிறியவை ஆகையால், லென்ஸில் படிந்த தூசியும் முதலில் டிவிடியைத்தான் தடுக்கும். ஆகவே லேசரைக் கைவிடும் முன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் லென்ஸைத் துடைத்துப் பார்ப்பது நியாயம். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குவது. அழுத்தித் துடைத்தால் அதோடு முடிந்தது. அக்காவின் டிரைவுக்கு அந்தத் துடைப்பே போதுமானதாக இருந்தது.

குறிப்பிட்ட ஒரு வட்டு மட்டும் படிக்கவில்லையென்றால், அதை வேறொரு கணினியில் போட்டுப் பார்த்தால் பழுது வட்டில்தானா என்று தெரிந்துவிடும். வட்டை வட்டமாகத் துடைக்காமல், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். சிடியில் தரவு அடுக்கு பெயர் எழுதியிருக்கும் மேற்பரப்பை ஒட்டியே இருப்பதால், அந்தப் பக்கம் விழும் கீறல்தான் உண்மையில் ஆபத்தானது. கேமராவில் நேரடியாகப் பதிந்து, ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது பதிவை முறையாக முடித்து மூடாமல் விட்ட டிவிடியைப் பல டிரைவ்கள் ஏற்பதில்லை. கோப்புகள் தெரிந்தும் படம் மட்டும் ஓடாவிட்டால் டிரைவ் நன்றாகவே இருக்கிறது என்று பொருள்: 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிவிடி படம் ஓட்டும் வசதி இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை, விஎல்சி என்னும் இலவசப் படம் ஓட்டும் மென்பொருளை நிறுவினால் போதும்.

தட்டு திறக்காத டிரைவுக்கு, கணினியை அணைத்துவிட்டு, முகப்பிலுள்ள சிறு துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நுழைத்துத் தள்ளலாம். உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருப்பதே வழக்கமான காரணம்.

இத்தனைக்கும் பிறகு படிக்காவிட்டால், யூஎஸ்பி வழி இணையும் வெளி டிரைவ் ஒன்றை வாங்கலாம். அதைக் கணினியின் முன்புற போர்ட்டில் செருகினால் சில கணினிகளில் மின்சாரம் போதாமல் வட்டு சுழலத் தொடங்கியே நின்றுவிடும். பின்புற போர்ட்டில் நேரடியாகச் செருகி, கல்யாண டிவிடிகளை முதலில் ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.